இடப்பக்க மூடிக்கு என்ன பூச்சு

குமரகுருபரன் தன் வாயால் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் ஒரு கேள்வி. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. சிந்துபூந்துறை வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த மோட்டார் சைக்கிள் என்ஜின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுக்களைச் சன்னலை நோக்கிக் கேட்டார்.

"சுகி, இதுக்கு பாலிஷ் போடவா, பெயிண்ட் அடிக்கவா? நீ என்ன சொல்லுத?"

சுகிர்தா அடுப்படியில் நின்றாள். "எதையாவது பூசுங்க அத்தான். தோச ஆறுது" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போடும்போது கொட்டகையில் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தாள். கரண்டியில் மாவை அள்ளி இன்னொரு தோசையும் வார்த்தாள். அந்த இன்னொரு தோசை வேகிற நேரம் முழுக்க அவர் தரையில் கிடந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. மிச்சமாக அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல். "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வலித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். அவள் "அத்தான்" என்று கூப்பிட, அவர் "அதான்" என்று பதில் சொல்வார். கேட்கிறவர்களுக்குப் புதுப் பெண்டாட்டியும் மாப்பிள்ளையும் கொஞ்சிக்கொள்வதுபோல இருக்கும். சுகிர்தா அடுக்களைக்குப் போய்விடுவாள்.

பேச்சில் அவர் சாதாரண ஆளும் இல்லை. துணை வட்டாட்சியர் உத்தியோகம். சொந்தத்தில் எந்த வீட்டில் பாகத் தகராறு என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே எழுந்து போகும்படி பேசத் தெரியும். சுகிர்தா அதற்கு நேர் எதிர். அம்பாசமுத்திரத்துப் பிள்ளைமார் வீட்டுப் பெண், பாளையங்கோட்டையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. வகுப்பில் பேசுவதோடு சரி, வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். "நமக்கும் சேத்து அத்தான் பேசுதாரே" என்பாள். முப்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. யாரிடமும் ஒரு உதவி என்று கேட்டறியாதவள். எதையும் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஒரே மகள் ப்ரியா கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனபோதுகூட விமான நிலையத்தில் அழுதது குமரகுருபரன்தான்.

அந்த மூடி ஒரு பழைய யெஸ்டி வண்டியினுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய வண்டி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் சன்னல் உயரத்துக்கு வந்து நின்றபோது அவர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் நிவாரண முகாமில் மற்றவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கொட்டகையில் வண்டி சேற்றுக்குள் கைப்பிடி மட்டும் தெரிய நின்றது. அதன்பிறகு விடுமுறை கிடைத்தால் போதும், என்ஜினைக் கழற்றி ஒவ்வொரு உருப்படியாக மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் பரப்பி வைப்பார். இடப்பக்கத்து அலுமினிய மூடிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. திருகுகள் துருவேறிப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நெம்பியதில் திருகு மாட்டுகிற காது ஒன்று உடைந்து கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்தது சுகிர்தாவுக்கு நினைவிருக்கிறது. ஒரு தகரத்துக்கா இவ்வளவு என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் பிசியோதெரபிக்காரர் சொன்னதையெல்லாம் குமரகுருபரன் செய்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பெர்சிஸ் படங்களைக் காட்டினாள். பசு, நாற்காலி, குடை. அவர் வாயைக் கோணிக் கோணி முயற்சி செய்வார். நெற்றியில் வேர்க்கும். கடைசியில் "அதான்" என்று வந்து விழும். "சாருக்கு நாம பேசுறது எல்லாம் புரியுது. வார்த்தைய எடுக்கத்தான் வரல" என்றாள் பெர்சிஸ். "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம் டீச்சர், விட்டுறக் கூடாது." சுகிர்தா விடவில்லை. அவர் விட்டுவிட்டார். ஒருநாள் படங்களைத் தட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். அதன்பிறகு பெர்சிஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். சில நாள் அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். ஆவணியும் புரட்டாசியும் வந்து போயின.

பழைய இரும்புக்காரனை வரச்சொன்னது அவள்தான். கொட்டகைப் பக்கம் போனாலே அந்தத் தோசை மணம் வருவதுபோல இருந்தது அவளுக்கு. உருப்படிகளைச் சாக்கில் அள்ளிப் போட்டாள். கடைசியாக அந்த மூடியைப் போட்டபோது அது மற்றதோடு மோதி 'ணங்' என்றது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல். மனுசக் குரல் மாதிரியே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலிலிருந்து விழுந்து, இடது முழங்கையை ஊன்றி, வாசற்படியை நோக்கி இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். "அதான்! அதான்! அதான்!"

இரும்புக்காரன் சாக்கை அப்படியே வைத்துவிட்டுப் போனான். சுகிர்தாவுக்கு அன்றைக்குத்தான் ஒரு கிறுக்குப் பிடித்தது. இத்தனை நாளில் அவர் எதையாவது வேண்டும் என்று காட்டியது இது ஒன்றைத்தான். வண்டி எழுந்தால் மனுஷன் எழுந்துவிடுவார். இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு மாணவி சொன்னால் அவளே வகுப்பில் நிறுத்திக் கேள்வி கேட்பாள், எதற்கும் எதற்கும் என்ன சம்பந்தம் என்று. ஆனாலும் பிடித்துக்கொள்ள வேறொன்றும் அவளுக்கு இருக்கவில்லை.

மற்ற உருப்படிகளை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து என்ஜினைக் கட்டச் சொன்னாள். மூடியையும் உடைந்த காதையும் மட்டும் பைக்குள் வைத்து, பேட்டையில் பூச்சு வேலை செய்யும் இஸ்ரவேல் பட்டறைக்குத் தானே கொண்டுபோனாள். உடைந்த காதை அவர் ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டவைத்து, மேடுபள்ளத்தை அரத்தால் ராவி, மூடியை ஒரு முழு உருவமாக்கிக் கையில் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"இனி இதுக்கு என்ன பினிஷிங் குடுக்கட்டும் டீச்சர்?"

அதே கேள்வி. பக்கத்தில் கிடந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர், மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எது நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்களேன்."

"அதெப்படி நான் சொல்ல? பஃபிங் பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி மொகம் தெரியும். ஆனா ஒட்டுன எடம் தனிச்சுத் தெரியும் பாத்துக்கிடுங்க. அதோட, வெள்ளத்துல கெடந்த சாமானா, பொடிப்பொடியா ஓட்ட விழுந்துருக்கு. பவுடர் கோட்டிங்குன்னா எல்லாத்தையும் மூடிரும். ஒட்டும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. வெறும் பெயிண்ட் வேணும்னாலும் அடிக்கலாம். ஆனா வண்டி சூட்டுக்கு நாளாவட்டத்துல உரியும். சாருட்ட கேட்டுட்டு வாங்க. அவரு வண்டிதான?"

சாரிடம் கேட்டுவிட்டு வா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சுகிர்தா தலையை ஆட்டினாள். மூன்று மாதிரித் துண்டுகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் குமரகுருபரனின் அக்காள் கோமு துணைக்கு வந்து இருந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தலையணையை அண்டக் கொடுத்து அவரை உட்காரவைத்து, சுகிர்தா மூன்று துண்டுகளையும் போர்வையின்மேல் பரப்பினாள்.

"அத்தான், மூடிக்கு என்ன பூச்சுன்னு கேக்காவ. இது பாலிஷ். இது பவுடர். இது பெயிண்ட். எது வேணுமோ கைய வைங்க."

அவர் பார்த்தார். இடது கை எழுந்தது. கை பாலிஷ் துண்டைத் தொட்டது, விலகியது, பவுடரைத் தொட்டது, அதையும் விட்டது. பிறகு மூன்றையும் ஒன்றாகத் துழாவி எதையோ தேடியது.

"அதான்" என்றார்.

"எது அத்தான்? இதா?"

"அதான்."

"இதா?"

"அதான், அதான்!" முகம் சிவந்து, எச்சில் வழிந்து, கடைசியில் துண்டுகளைக் கீழே தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமு துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். "ஏட்டி, ஒனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? கட்டுன புருசன் இப்படிக் கெடக்கான், நீ தகரத்துக்கு வைத்தியம் பாத்துட்டு அலையுத. அவன் எந்திரிச்சு இனி வண்டியா ஓட்டப் போறான்?"

"எனக்குத் தெரியல மதினி" என்றாள் சுகிர்தா. "ஆனா இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

இரண்டு நாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்குள் இருந்த ஆசிரியை முன்னால் வந்தாள். எது பத்திரமோ, எது நாள்படுமோ, எது குறையை மறைக்குமோ அதுதான் சரி என்று முடிவு செய்தாள். கறுப்புப் பவுடர் கோட்டிங். இஸ்ரவேல் சுத்தமாகச் செய்துகொடுத்தார். எங்கே உடைந்தது, எங்கே அரித்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக வார்ப்பில் இருந்து வந்ததுபோல மழமழவென்று இருந்தது.

அதை அவர் மடியில் வைத்தாள். அவர் பார்த்தார். விரலால் ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவினார். அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொரு தரம் தடவினார். பிறகு அவர் செய்தது அலறலைவிட மோசம். சத்தமே இல்லாமல் அழுதார். மூடியைப் போர்வைக்கு வெளியே பைய நகர்த்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் கோமுவை இருத்திவிட்டு, மூடியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு சுகிர்தா புறப்பட்டாள். எங்கே என்று கோமு கேட்பதற்குள் நடை இறங்கிவிட்டாள். குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கினாள். ஐப்பசித் தண்ணீர் கலங்கலாக, கனமாகப் போய்க்கொண்டிருந்தது. மூடியை ஆற்றில் எறிந்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள். முதல் படியில் பாதம் நனைந்தது, அடுத்ததில் கணுக்கால் நனைந்தது, சேலை முழங்காலில் ஒட்டியது. எறியவேண்டிய கை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கனத்தோடு இன்னும் நாலு படி இறங்கினால் போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'தான் அவளைத் திடுக்கிட வைத்தது. அப்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"ஏட்டி, எங்கன இருக்க?" கோமுவின் குரல் பதறியது. "இவன் கட்டில விட்டு எறங்கிட்டான்டி. நடைவாசல்ல வந்து கம்பியப் புடிச்சிட்டு உக்காந்திருக்கான். தெருவையே பாக்கான். உள்ள வான்னா வரமாட்டேங்கான். நீ வந்துரு தாயி, வந்துரு."

ஆட்டோவில் ஈரச்சேலையோடு வந்து இறங்கினாள். அவர் நடைவாசலில் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். அவளைக் கண்டதும் "அதான்" என்றார். அது அவள் தாங்கிக்கொண்டிருந்த எதையோ அறுத்துவிட்டது. பையிலிருந்து மூடியை எடுத்து அவருக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் ஓங்கி எறிந்தாள்.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்! நான் அன்னைக்கு ஒரு வார்த்த பதில் சொல்லிருந்தா இந்த மாதிரி ஆயிருக்காது, அதான? அதத்தான சொல்லுதிய நாள் பூராவும்? எனக்குத் தெரியல அத்தான். பாலிஷா பெயிண்டான்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது!"

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர்முன் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

சிறிது நேரம் கழித்து ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எறிந்த வேகத்தில் மூடியின் விளிம்பில் பூச்சுப் பெயர்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. குமரகுருபரன் அதை இடது கையால் தன்பக்கம் இழுத்து, பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நகம் வழுக்கியது. மறுபடி சுரண்டினார். மூடி நகர்ந்துகொண்டே போனது. அசையாமல் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, மூடிமேல் பாரமாக வைத்தார். பிறகு சுரண்டினார்.

சுகிர்தா எழுந்து கொட்டகைக்குப் போனாள். போன வருஷம் அவர் வாங்கி வைத்திருந்த உப்புத்தாள் அலமாரியில் இருந்தது. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அவர் கையில் கொடுத்தாள். அன்று இரவு அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பவுடர் பூச்சு உப்புத்தாளுக்கு மசிகிற சாமான் இல்லை. மறுநாளே பேட்டைக்குப் போய் இஸ்ரவேலிடம் பூச்சை இளக்குகிற மருந்து கேட்டாள். "நல்லாத்தான டீச்சர் இருந்துச்சு?" என்றார் அவர், முகம் சுருங்கி. "நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. அவருக்குப் புடிக்கல" என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி அப்படி ஒரு சாதாரண வாக்கியம்!

கையுறை மாட்டிக்கொண்டு முற்றத்தில் வைத்து மருந்தை அவளே பூசினாள். இளகியதை வழித்தாள். மிச்சத்தை அவர் தேய்த்தார். முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாள்வரைக்கும், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். சில நாள் தூக்கி எறிவார். சில நாள் தொடவே மாட்டார், சுவரைப் பார்த்தபடி கிடப்பார். அந்த நாட்களில் அவளுக்குப் பழையபடி ஆற்றுப்படி நினைவுக்கு வரும். எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் துலக்குவாள். மெல்ல மெல்ல வெல்டிங் கோடு வெளியே வந்தது. அரித்த புள்ளிகள் வந்தன. கண்ணாடிபோலவும் இல்லாமல், மங்கலாகவும் இல்லாமல், விடியற்காலை ஆற்றுத் தண்ணீர் நிறத்துக்கு உலோகம் வந்து நின்றது.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், மேலே அடிக்கிற வார்னிஷ் டப்பாவோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெர்சிஸும் அப்போது இருந்தாள்.

"அத்தான், அலுமினியம் தன் மேல தானே ஒரு தோல் உண்டாக்கிக்கிடும். ஆனா அது மங்கிப் போவும். இத லேசா அடிச்சுவிட்டா இப்படியே இருக்கும். அடிக்கட்டுமா?"

அவர் டப்பாவைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். உதடுகள் கோணின. கழுத்து நரம்பு புடைத்தது. சுகிர்தா "அதான்" வருவதற்குத் தயாராக இருந்தாள்.

"இ... இல்ல" என்றார் குமரகுருபரன்.

பெர்சிஸ்தான் முதலில் எழுந்தாள். "சார், இன்னொருக்க சொல்லுங்க. டீச்சர் கேளுங்க, இன்னொருக்க கேளுங்க."

"அடிக்கட்டுமா அத்தான்?" சுகிர்தா கேட்டாள்.

"இல்ல."

டப்பா திறக்கப்படாமலே அலமாரிக்குப் போனது.

அதன்பிறகு கொஞ்சநாள் வீட்டில் எல்லாவற்றுக்கும் 'இல்ல'தான். குளிக்க இல்ல, மாத்திரைக்கு இல்ல, பெர்சிஸின் குடைக்கும் பசுவுக்கும் இல்ல. கோமு தலையில் அடித்துக்கொண்டாள். "முன்னால எதக் கேட்டாலும் 'அதான்'னு சொன்னான். இப்ப எல்லாத்துக்கும் எதுத்துப் பேசுதான்." சுகிர்தாவுக்கு அது சண்டை போடுகிற ஆள் ஒருவர் வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

மெக்கானிக் வந்து மூடியைப் பூட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினான். தெரு முழுக்கப் புகை. ஒட்டுப்போட்ட காதோரம் எண்ணெய் கசிந்தது. இன்றும் கசிகிறது. குமரகுருபரன் சக்கர நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. அவர் எழுந்து நடக்கவில்லை. வலது கை விழுந்தபடியே கிடக்கிறது. வண்டி எழுந்தால் மனுஷன் எழுந்துவிடுவார் என்பது நடக்கவில்லை. அவளும் இப்போது அதைக் கேட்பதில்லை.

ஜூனில் சுகிர்தா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். பகலில் கோமு பார்த்துக்கொள்கிறாள். சொற்கள் ஒன்றொன்றாக வருகின்றன. 'தண்ணி' வந்தது, தூக்கி உட்காரவைக்கும்போது 'பைய' வந்தது, ஒருநாள் யாரும் கேட்காமலே 'மழை' வந்தது. ஆள் பெயர்களில் இதுவரை வந்திருப்பது கோமு ஒன்றுதான். பெர்சிஸ் வந்தாலும் கோமுதான், கனடாவிலிருந்து போனில் ப்ரியா முகம் தெரிந்தாலும் கோமுதான். சுகிர்தா என்ற பெயர் நீளம், நாக்குக்குச் சிரமம், நாளாகும் என்கிறாள் பெர்சிஸ். சுகி என்பதாவது வருமா என்று சுகிர்தா கேட்டதில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் உள்ளிருந்து "கோமு!" என்று ஒரு குரல் வருகிறது. அடுக்களையில் இருக்கும் கோமு வாய் திறப்பதில்லை. "வந்துட்டேன் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே சுகிர்தா உள்ளே போகிறாள்.